வெளியே வைத்த எண்

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகுக்கு இதம். எங்கள் மருத்துவமனைப் புள்ளிவிவரப் பிரிவுக்கு இப்படி ஒன்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நானாகத்தான் வந்தேன். 'கணினி மொழியில் கோளாறு' என்று நீங்கள் அறிக்கை எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது அபாண்டம். அந்த மொழி தங்கம்.

என் மனைவியின் தம்பியும் நானும் ஒரே பிரிவு. எதிலும் பறப்பான் என்பதால் அவனுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்ததே நான்தான். ரத்தக்கட்டு உள்ளவர்களுக்கு ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுப்பார்கள். கூடினால் ரத்தக்கசிவு நிற்காது. யாருக்கு எவ்வளவு என்று கணக்கிடும் நிரல் அவனுடையது. உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை என்ற எண்ணை 'அளவு' என்ற பெயரில் நிரலுக்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும். அவன் நிரலுக்கு வெளியே, அந்தக் கணினியில் எல்லா நிரல்களும் எடுத்துக்கொள்ளும் பொது இடத்தில் போட்டு வைத்தான்.

தேடும் பெயர் உள்ளே இல்லையென்றால் இந்த மொழி முணுமுணுக்காது. வெளியே எட்டிப்பார்க்கும். வீட்டில் உப்பு தீர்ந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறோமே, அப்படி. ஆனால் கிடைத்ததை ருசி பார்க்காது.

நான் சொல்லாமல் இல்லை. "டேய், உள்ளேயே எழுதுடா. வெளிய இருந்தா யார் வேணாலும் மாத்திடலாம்."

"யாரு அத்தான் மாத்தப் போறா? நீங்களும் நானும்தானே இருக்கோம்!" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல பையன்.

பிறகு அவனைப் பிரிவுத் தலைவனாக்கினார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்தவன். வீட்டில் விருந்து. மாமனார் என் தோளில் தட்டி, "மாப்பிள்ளை, நீங்களும் இவன்கிட்ட நாலு விஷயம் கத்துக்கலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

அடுத்த மாதம் மாமனாருக்குக் காலில் ரத்தக்கட்டு. எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். மச்சினன் கணினியைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். பொது இடத்தில் ஒரே வரி தட்டினேன். 'அளவு', பழைய எண்ணுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம். பத்து மடங்கு. அவன் நிரலை நான் தொடவே இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கணினியை மூடும்போது பொது இடத்தில் உள்ள எல்லாவற்றையும் சேமித்து, திறக்கும்போது அப்படியே திருப்பித் தரும்படி அவன்தான் அமைத்திருந்தான். காலையில் நிரல் வெளியே எட்டிப்பார்த்தது, என் எண் இருந்தது, எடுத்துக்கொண்டது. யாருக்கு எவ்வளவு மருந்து என்ற பட்டியலை வார்டுக்கு அனுப்பியது அவன். எங்கள் பட்டியல் செவிலியர்களுக்கு வேதவாக்கு.

மாமனார் பெயர் அதில் இருப்பது தெரியுமா என்கிறீர்கள். தெரியும். இன்னும் மூன்று பேர் இருந்ததும் தெரியும். மாலைக்குள் நால்வரும் போய்விட்டார்கள். அந்த மூவருக்காக வருத்தமாகத்தான் இருக்கிறது. அவர்கள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நேற்று மச்சினன் அழுதுகொண்டே உட்கார்ந்து எல்லா எண்களையும் நிரலுக்குள் மாற்றிக்கொண்டிருந்தான். ஒன்றுகூட வெளியே இல்லை. அழகான வேலை. யார் யாரிடம் கற்றுக்கொண்டார்கள் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். மாமனார் இருந்து பார்த்திருக்கலாம். அது ஒன்றுதான் குறை.