அந்தோணி விட்ட நான்கு விரல் துணி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் ஜம்புலிங்கம் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று ஷிப்ட் முடிந்த கையோடு ஓடி வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! இந்த மைக்கைப் பிடித்துப் பேச வேண்டியவர் அதோ, மாலைக்குள் படமாக இருக்கிறார். அவரைப் பற்றி நான் பேசுகிறேன். என்ன அநியாயம் ஐயா இது!

எண்பத்திரண்டாம் வருஷக் கதவடைப்பில் நம் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் யார்? செயலாளர் அந்தோணி! இயந்திரத்தில் விரலை இழந்த ராஜகோபாலுக்காக வேலூருக்கு நடையாய் நடந்தவர் யார்? அந்தோணி! அதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அமீர் பாஷா. ஷூ கம்பெனியில் அவருக்குப் பக்கத்து மேஜையில் தோல் வெட்டுகிறவன், தெருவில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன். நான் ஒரு கவுனைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அவரே சிரித்தார்.

முன்வரிசையில் இருக்கிறாளே, அவர் மகள் ஆரோக்கியமேரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை, வாங்கப் போகிறாள். அதற்கு வெள்ளைக் கவுன் வேண்டும். டெய்லரிடம் கொடுக்கலாம் என்றார் இவர். அந்தப் பிள்ளை கேட்டது: "ஊருக்கெல்லாம் ஷூ வெட்டுற. எனக்கு இன்னாப்பா பண்ணிக் குடுத்த?"

முதலாளிகளையே மடக்கிப் பேசியவரை மகள் மடக்கிவிட்டாள். மறுநாளே வெள்ளைத் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "பாய், நானே தெச்சிக் காட்றேன். கையாலயே. அன்வரி தங்கச்சி சொல்லித் தரட்டும்" என்றார். அன்வரி பேகம் என் மனைவி. ஊசியில் நூல் கோக்கவே அவருக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

அப்புறம் செய்தாரே ஒரு வேலை! தோலில் நகம் அளவு வீணானாலும் சூப்பர்வைசர் குதிப்பான் அல்லவா? அந்தப் பழக்கத்தில், தையலுக்குத் துணியே விடாமல் அளவோடு அளவாக வெட்டிவிட்டார். அது போதாதென்று, ஷூவுக்குச் செய்வதுபோல, தைக்கும் முன்னால் இரண்டு ஓரத்திலும் தோல் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி ஒட்டியும் விட்டார்! விடிந்து பார்த்தால் துணியெல்லாம் மஞ்சள் கறை. "அப்பா, கவுன் பூட்ஸ் மாதிரி நாறுது!" என்று மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அன்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாண்ணா இது? உள்ள துணி வுடணும்ணா. புள்ள வளருமில்ல?"

"ஜாஸ்தி வுட்டா வேஸ்ட்டாச்சே தங்கச்சி!"

மறுபடி துணி வாங்கினார். முதல் தையலே கோணல். போச்சு, துணி பாழ் என்று தலையில் கை வைத்தார். அன்வரி நூலை உருவிவிட்டு நகத்தால் தேய்த்தாள். ஓட்டை மறைந்துவிட்டது. அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "தோல்ல ஒரு ஓட்டை வுழுந்தா வுழுந்ததுதான் பாய். இது மன்னிக்குது பாரு" என்றார்.

ஆனால் உட்கார விட்டோமா அவரை? சாயங்காலம் ஊசியைக் கையில் எடுத்தால் போதும், வாசலில் "செயலாளரே!" என்று ஒரு குரல். ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். சென்ற வாரம் வேலூரில் பேச்சுவார்த்தை முடிந்து திரும்பும்போது, பள்ளிகொண்டா தாண்டி பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டையைக் கழற்றியபோது காலரில் அந்த ஊசி. அதில் வெள்ளை நூல். ஐயோ, ஒரு சாயங்காலம், இன்னும் ஒரே ஒரு சாயங்காலம் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடாதா!

கவுனில் உடம்பு முடிந்திருக்கிறது, கை முடிந்திருக்கிறது. கீழ் ஓரம் மட்டும் பாதியில் நிற்கிறது. அதை முடித்துக் கொடுக்கலாம் என்று நேற்று அன்வரி மடிப்பைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். உள்ளே நான்கு விரல் துணி விட்டு மடித்திருக்கிறார் தோழர்களே! ஒரு நூல் வீணாகக் கூடாது என்றவர், மகள் வளர்வதற்கு இடம் விட்டிருக்கிறார். அவள் வளர்வதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.

"நான் முடிச்சிடட்டுமா கண்ணு?" என்று கேட்டாள் அன்வரி. "வேணாம் அத்தை. எனக்குச் சொல்லிக் குடு" என்றது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் முடித்துவிடுவாள். கோணலானாலும் ஆகட்டும்.

அவர் விட்ட வேலையைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். ஆனால் இன்று முதல் சங்கக் கூட்டம் எதுவும் விளக்கு வைத்த பிறகு நடக்காது. எந்தச் செயலாளர் வீட்டு வாசலிலும் அந்த நேரத்தில் குரல் கேட்கக் கூடாது. தலைவர் என்னைக் கோபித்தாலும் சரி. எனக்குப் பின்னால் இன்னும் பேச்சாளர்கள் இருக்கிறார்கள், மன்னிக்க வேண்டும். வெளியே இருட்டுகிறது. அந்தோணியின் பேரால் கேட்கிறேன், எழுந்திருங்கள், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும்.