முதலில் அடர்நிறம்

— ஊதாதே மார்லிஸ் அக்கா! ஊதினா தூள் பூரா நம்ம மூக்குக்குள்ளதான் போகும். பலகையைச் சாய்ச்சு, பின்னாடி ரெண்டு தட்டு தட்டு. ஆங், அவ்வளவுதான்.

— என்னடி லோர்னா இது, சமையல்கட்டு பூரா நீலப்பொடி? காபி கப்புலகூட ஒட்டியிருக்கு.

— படம் போடுறேன். மூணு வாரமா.

— அம்பத்தெட்டு வயசுலயா?

— குடியை விட்டு நாப்பத்தோரு நாள் ஆச்சு. கைக்கு ஏதாவது வேலை குடுன்னு குடியை விட்டவங்க கூடுற செவ்வாய்க்கிழமை கூட்டத்துல சொன்னாங்க. வாட்டர்கலர் எடுத்தேன், கை நடுங்கி தண்ணி பூரா மடியில. இதுக்குத் தண்ணியும் வேண்டாம், பிரஷ்ஷும் வேண்டாம். கலர் குச்சியைப் பிடிச்சு இழுக்க வேண்டியதுதான்.

— உன் மக ஜோடி சின்னதுல சுவரெல்லாம் கிறுக்குவாளே, அந்தக் கிரயான்தானே?

— அப்படி நினைச்சுத்தான் நானும் மெழுகு மாதிரி எண்ணெய்க் குச்சியை வாங்கிட்டு வந்து ஏமாந்தேன். கடைக்காரம்மா சிரிச்சுக்கிட்டே மாத்திக் குடுத்தா. இது சாஃப்ட் பாஸ்டல், சாக்பீஸ் மாதிரி தொட்டாலே உதிரும். ஆமா, மேல் அலமாரியில என்ன தேடுற?

— சர்க்கரை.

— சர்க்கரை உன் முன்னாடி மேசையில இருக்கு. பரவாயில்ல, தேடு. மாவு டப்பாவையும் திறந்து பாரு. ஜோடி அனுப்பினாளா?

— ஞாயித்துக்கிழமை குழந்தையைத் தூக்கிட்டு வரலாமான்னு கேட்டா. பாத்துட்டுச் சொல்றேன்னேன்.

— உன் வார்த்தையைத்தான் நம்புவா. என்னை எப்படி நம்புவா? போன கிறிஸ்துமஸுக்கு மரத்தையும் இழுத்துக்கிட்டு விழுந்தவ நான். வாஷிங் மெஷினுக்குப் பின்னாடியும் பாத்துடு. முன்னெல்லாம் பாட்டிலை அங்கதான் ஒளிச்சு வைப்பேன்.

— பாத்துட்டேன்.

— காரேஜ்ல, வாசல் பனி உருகப் போடுற உப்பு வாளி?

— அதைப் பாத்துட்டுத்தான் உள்ளயே வந்தேன்.

— அப்ப முடிஞ்சுதுல்ல? உக்காரு. இந்தா, உனக்கும் ஒரு தாள்.

— எனக்கெதுக்குடி இதெல்லாம்? தாள் என்ன, உப்புத்தாள் மாதிரி சொரசொரங்குது?

— வழவழன்னு இருந்தா நிறம் ஒட்டாது. ஜன்னல்ல தெரியுதே ஏரி, அதைப் போடு. குச்சிமேல இருக்கிற காகிதத்தைக் கிழி. ரெண்டா உடை. அட, தைரியமா உடைக்கா! இப்ப படுக்க வெச்சுத் தேய். அடர்நிறம் முதல்ல, வெளிச்சம் கடைசியில. வெள்ளையை முதல்லயே எடுத்தேன்னா எல்லாம் சாம்பலாப் போயிடும். என்னோட முதல் நாலு படமும் அப்படித்தான் போச்சு.

— தப்பாயிட்டா?

— காஞ்ச பிரஷ்ஷால தட்டிவிட்டுட்டு அது மேலயே போடு. தாள் கோவிச்சுக்காது.

— கரை எது, தண்ணி எதுன்னே தெரியலையே. ஒரே மூடுபனி.

— நவம்பர்ல இந்த டுலூத் ஊர்ல வேற என்ன தெரியும்? அதோ, இரும்புத்தாது ஏத்திக்கிட்டு ஒரு கப்பல் போகுது பாரு, கறுப்புக் கோடு மாதிரி. அதைப் போடு. நேரா ஒரே இழுப்பு. சர்ச்ல ஆர்கன் வாசிக்கிற கை உனக்கு, சும்மா வரும்.

— ஆர்கன் வாசிக்கிறதை விட்டுட்டேன்.

— எப்ப? சொல்லவே இல்ல!

— ரெண்டு மாசம் ஆச்சு. முட்டி வலி, பெடலை மிதிக்க முடியல.

— சரி, இதுக்கு முட்டி வேண்டாம். இழு.

— குச்சி உடைஞ்சுடுச்சுடி.

— உடையட்டும். துண்டை வெச்சே இழு. அக்கா... கோடு ஏன் இப்படி ஆடுது?

— குளிரு.

— ஹீட்டர் ஓடிக்கிட்டிருக்கு. மேல்கோட்டைக்கூட நீ கழட்டிட்ட.

— வயசாகுதுல்ல.

— முதல் வாரம் நான் போட்ட படத்துக்கெல்லாம் தேதி எழுதி வெச்சிருக்கேன். அதுலயும் கோடு இதே மாதிரிதான் இருக்கும். எடுத்துக் காட்டட்டுமா?

— வேண்டாம்.

— சரி, வேண்டாம். ஜோடிகிட்ட என்ன சொல்லப் போற? வீடு பூரா தேடினேன், ஒரு சொட்டுகூட இல்லைன்னு சொல்வேல்ல?

— சொல்றேன். குழந்தையைத் தூக்கிட்டு வரச் சொல்றேன். ஆனா லோர்னா... நான் தேடினது அவளுக்காக இல்லடி. என் வீட்டுல நேத்தே தீந்துபோச்சு.