மஞ்சள் துணியில் மலர்ந்த முனைவர் பட்டம்

போடிமெட்டின் வளைவுகளைப் பாடம்போல் மனத்தில் பதித்தவரே! பூவைக் கேளாமல் புத்தகத்தை நம்பாதவரே! பெருமதிப்பிற்குரிய தாவரவியல் பேராசிரியர், முனைவர் சந்திரவல்லி அம்மையார் அவர்களே! வணக்கம்.

நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், இருபத்தொன்பது ஆண்டுகள் எடுத்த வகுப்புகளையும் எழுப்பிய தோட்டத்தையும் இங்கே அடுக்கினால் உங்களுக்கே கொட்டாவி வரும். ஆகவே ஒன்றை மட்டும் உரக்கச் சொல்கிறோம்.

நாற்பத்து நான்காம் வயதில், 1975-இல், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தீர்கள். தேனீ தொடாத ஏலப்பூ காய்க்குமா என்பதே உங்கள் கேள்வி. விடுமுறைதோறும் ஜீப்பில் மலையேறி, அட்டை கடித்த கால்களோடு திங்கட்கிழமை வகுப்புக்குச் சிரித்த முகமாய் வந்தீர்கள்! 1981-இல் அறுபது பூச்சரங்களைத் தேனீ நெருங்காதபடி வெள்ளை மல்துணிப் பையால் மூடிக் கட்டினீர்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் அறுபதும் மஞ்சள்!

அந்த ஏலத்தோட்டத்தில் களையெடுக்கும் ராக்கு பெருமை பொங்கச் சொன்னாராம்: "பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுறவுக வெள்ளைத் துணியிலயா கட்டுவாக, டீச்சரம்மா? அதான் எல்லாத்தையும் அவுத்து, மஞ்சத் தண்ணியில நனைச்சு, காயவச்சுத் திரும்பக் கட்டிட்டோம்!"

பை காய்ந்த இரண்டு நாளில் தேனீக்கள் விருந்துண்டு போய்விட்டன. உங்கள் பதிவோ அடுத்த ஆண்டு டிசம்பரோடு முடிகிறது. தவறினால் ஏழாண்டு உழைப்பும் பட்டமும் பாழ். "ரெண்டு நாள்தானே, யாருக்குத் தெரியப்போகுது, எழுதிருங்க" என்றோம், வெட்கமில்லாமல். "யாரும் கேக்க மாட்டாக, சரி. நானே என்னைக் கேட்டா என்ன சொல்றது?" என்றீர்கள். அந்தப் பருவத்துக் குறிப்பேட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டீர்கள்.

விவரம் அறிந்து விசும்பிய ராக்குவை ஒரு சொல் கடியவில்லை. மறு ஆண்டு நீங்களே பைகளை மஞ்சளில் தோய்த்துக் கட்டினீர்கள், ராக்கு காவலிருந்தார், ஒரு கையும் படவில்லை. மூடிய சரங்களில் பேருக்குக்கூடக் காயில்லை, திறந்த சரங்களிலோ கொத்துக் கொத்தாய்! கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் ஆய்வேட்டை ஒப்படைத்தீர்கள். வாய்மொழித் தேர்வில், பை ஏன் மஞ்சள் என்று கேட்ட தேர்வாளர், பதிலைக் கேட்டுக் கண்ணில் நீர்வரச் சிரித்தார். 1983-இல் பட்டம் வந்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் முதலில் நின்ற பெயர் ராக்கு.

அம்மையீர்! இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று. சென்ற மாதம் நம் துறையின் முனியசாமி, தம் ஆய்வில் விதைத்தட்டு மாறிப்போனதைக் கண்டுபிடித்தார். வேறு ஒருவருக்கும் தெரியாது. ஓராண்டுக் கணக்கை அவராகவே அடித்துவிட்டு, மறுநாள் காலை புதிதாய் விதை ஊன்றினார். அவர்தான் அன்று உங்களிடம் "எழுதிருங்க" என்று முதலில் சொன்னவர். இம்மடலை எழுதுபவரும் அவரே.

முழங்கால் வலியின்றி மலையேறி, முகமலர்ச்சி மாறாமல், நீடு வாழ்க!

என்றும் அன்புடன்,
தாவரவியல் துறையினர்
போடிநாயக்கனூர், 31.5.1989