பத்தொன்பது பிள்ளைகளின் சான்றிதழும் என் கையெழுத்தும்

மேடையில் வீற்றிருக்கும் மாவட்ட மன்றத் தலைவர் அவர்களே, பள்ளிக் கண்காணிப்பாளர் அவர்களே, பாதிரியார் அவர்களே, இந்தப் பள்ளியின் உள்ளரங்கப் படிக்கட்டுகளில் தோளோடு தோள் இடித்து அமர்ந்திருக்கும் டன்மோர் மாவட்டத்துப் பெருமக்களே! எல்லாருக்கும் பின்னால், கதவோரம் நின்றுகொண்டிருக்கும் அந்தப் பத்தொன்பது பேரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மறைந்த நம் புவியியல் ஆசிரியை ஆர்டிஸ் நெல்விக் அம்மையாருக்குப் புகழுரை சொல்ல என்னை அழைத்தீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த மாவட்டத்தின் நில அளவையாளராக இருக்கும் இந்த லாயல் பிரான்சன் பேசினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தீர்கள். பொருத்தமா? என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்த மண்டபத்தில் யார் இருக்கிறார்? முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பிப்ரவரி மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சீடர் தெருவில் ஹோவ்லண்ட் குடும்பத்தின் வீடு எரிந்தது. தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருக்குழாய்கள் எல்லாம் நான்கடிப் பனிக்குள். அவை இருக்கும் இடத்தைக் காட்டும் கொடிக்கம்பிகளைப் பனி வாரும் வண்டி சாய்த்துவிட்டது. தீயணைப்பு வீரர்கள் என் அலுவலகம் தந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோண்டினார்கள். தீயணைப்புத் தலைவர் பட் ஆர்ம்சன் வானொலியில் கத்தியதை நான் என் காதால் கேட்டேன்: "அடேய், மேப்புல இங்கதான் குழாய்னு போட்டிருக்கு! தோண்டுனா எவன் வீட்டுத் தபால் பெட்டியோ வருது! எந்தப் புண்ணியவான்டா இத வரைஞ்சது?"

குழாய் கிடைப்பதற்குள் கூரை விழுந்துவிட்டது. உயிர்கள் தப்பின. வீடு போயிற்று.

நாமெல்லாம் உச்சுக்கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம். ஆர்டிஸ் என்ன செய்தார்? கணினியில் வரைபடம் உருவாக்கும் ஜி.ஐ.எஸ். பாடத்துக்கு வந்த மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கினார். நகரத்தின் நூற்று நாற்பத்திரண்டு குழாய்களையும் தேடிப்பிடித்து அளந்தார்கள். பிள்ளைகளின் மூக்கெல்லாம் சிவந்து, விரல் மரத்துப்போய், அளந்தார்கள்!

அடுத்த மாதம் மன்றக் கூட்டத்தில் அந்த மாணவர்களில் ஒருத்தி, டெலானி ஓக்சன், எழுந்து நின்றாள். பதினாறு வயது. "மேப்புல எல்லாக் குழாயும் கிழக்குப் பக்கமா இருநூத்து முப்பது அடி தள்ளியிருக்கு சார். அளந்தவங்க தப்புன்னா ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் போயிருக்கும். இது எல்லாம் ஒண்ணா நகர்ந்திருக்கு. பழைய அளவைக் கணக்குல இடம் குறிச்ச எண்ணைப் புதுக் கணக்குக்கு மாத்தாம அப்படியே போட்டுட்டாங்க. யாரோ ஒருத்தர், ஒரே தடவ பண்ணுன தப்பு."

மேடையில் இருப்பவர்களில் ஒருவர் என்ன சொன்னார்? அவரைப் பெயர் சொல்லி அவமானப்படுத்த மாட்டேன், அவருக்கே தெரியும். "ஏம்மா, வண்டி ஓட்டுற லைசென்ஸே போன மாசம்தான வாங்கியிருப்ப? எங்க சர்வேயருக்கே பாடம் எடுக்கிறியா? கையில சான்றிதழ் கிழிதழ் ஏதாச்சும் இருக்கா?"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த யாரோ ஒருத்தர் நான்தான்! ஆம், நான்தான்! கணினியில் 'புதுக் கணக்குக்கு மாற்று' என்ற கட்டத்தைத் தட்டாமல் விட்டவன் நான். அந்தப் பெண் பேசி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. மறுவாரமே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வரைபடத்தைச் சரிசெய்தேன். அந்தப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பைத் திருடினேன். ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

ஆனால் ஆர்டிஸ் கண்டுபிடித்துவிட்டார். உணவகத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "என்ன லாயல், குழாயெல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்துருச்சு போல?" என்றார். "பயப்படாதீங்க, ஊரக் கூட்டிச் சொல்லமாட்டேன். சான்றிதழ் எங்கன்னு கேட்டாங்கள்ல? உண்டாக்கிட்டு வரேன். வந்தா நேர்மையாப் படிச்சுப் பாருங்க, அது போதும்."

உண்டாக்கினார், ஐயா, உண்டாக்கினார்! பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு சான்றிதழ். இரண்டு ஆண்டுப் பாடம். நூற்றிருபது மணி நேரக் களப்பணி. கடைசியாக, வரைபடத்தைப் பயன்படுத்தப்போகிறவர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். பனி வண்டி ஓட்டுநர் கேட்பார், தீயணைப்பு வீரர் கேட்பார். திணறினால் திருப்பி அனுப்பிவிடுவார் ஆர்டிஸ். பெற்றோர் கெஞ்சினாலும் இரங்க மாட்டார். இதுவரை அதில் தேறியவர்கள் பத்தொன்பது பேர். நமது பல்கலைக்கழகங்களில்கூட இப்படி ஒரு தேர்வு உண்டா?

மாநில வாரியம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. மாவட்ட நில அளவையாளர் படித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும். அவ்வளவுதான்! அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. இரண்டரை ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. ஏன்? இந்தப் பிள்ளைகளுக்குத் தகுதி உண்டு என்று எழுதினால், அன்று அவர்கள் சொன்னதும் சரி என்றாகிவிடும். தப்பு யாருடையது என்று அடுத்தவன் கேட்பான். என் ஒருவனின் முகத்தைக் காப்பாற்றப் பத்தொன்பது பேரின் வாழ்க்கையை மடக்கி இழுப்பறையில் வைத்தேன். டெலானி தண்ணீர் வாரிய வேலைக்கு எழுதிப்போட்டாள். சான்றிதழ் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். இன்று மளிகைக் கடையில் பை கட்டிக் கொடுக்கிறாள். நூற்று நாற்பத்திரண்டு குழாய்களைக் கண்டுபிடித்த பெண்!

ஆர்டிஸ் புற்றுநோயோடு போராடிக்கொண்டே மாதாமாதம் தொலைபேசியில் கேட்டார்: "படிச்சீங்களா?" "அடுத்த வாரம் பாத்துடறேன் டீச்சர்" என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அவர் போய்விட்டார்.

சரி, நான் ஒருவன்தான் குற்றவாளியா? வாசலில் தந்த தாளை எடுத்துப் பாருங்கள்! நூலகத்துக்கு 'நெல்விக் வாசக அறை' என்று பெயர் சூட்டப்படுமாம். அதே தாளின் அடியில், பொடி எழுத்தில், செப்டம்பர் முதல் ஜி.ஐ.எஸ். வகுப்பு நிறுத்தப்படுகிறதாம், ஆசிரியர் இல்லாத காரணத்தால்! வெட்கமாக இல்லையா நமக்கு? அவர் பெயரைச் சுவரில் மாட்டிவிட்டு அவர் வேலையைக் குப்பையில் போடுவதற்கா கூடியிருக்கிறோம்? அவர் எப்போது பெயர்ப்பலகை கேட்டார்? ஒரு கையெழுத்தைத்தானே கேட்டார்!

கண்காணிப்பாளர் அவர்களே, ஆசிரியர் இல்லை என்று இனிச் சொல்லாதீர்கள். இந்த மாத இறுதியில் என் பதவியை விடுகிறேன். செப்டம்பரில் அந்த வகுப்பறைக்கு வருகிறேன். முதல் நாள் இந்தப் பத்தொன்பது பேரும் என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்கட்டும். திணறினால் என்னைத் திருப்பி அனுப்பட்டும்.

கோப்பு இதோ இருக்கிறது. நேற்றுதான் முழுதும் படித்தேன். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த இடமில்லை. உங்கள் எல்லார் முன்னாலும் ஒப்பமிடுகிறேன். விதிப்படி, ஏற்கனவே முடித்தவர்களுக்கும் இது செல்லும்.

வேண்டாம், யாரும் கைதட்ட வேண்டாம். டெலானி, முன்னால் வாம்மா. இதை என் கையால் அஞ்சலில் சேர்க்க மாட்டேன். என்னை நம்பி இரண்டரை வருஷம் போனது போதும். மாநில வாரியத்துக்கு நீயே எடுத்துக்கொண்டு போ.