நான் வாசிக்காத கடைசிப் பந்தி

ஓடுகிறோம். தங்கச்சி என் இடுப்பில். தூரத்தில் 'தொம்' என்றொரு சத்தம். பீரங்கிச் செல் கிளம்பும் சத்தம். வந்து விழப் பதினொன்று எண்ண வேண்டும். எங்களூரில் குழந்தைகளுக்கும் தெரிந்த கணக்கு.

"குத்திட்டான்! பங்கருக்கு ஓடுங்கோ!" அம்மா கத்துகிறார்.

மூன்று. நாலு. பங்கர், எங்கள் பதுங்குகுழி, இருந்த இடத்துக்கு வந்துவிட்டோம். பங்கர் இல்லை. முழங்கால் உயரத்தில் மிளகாய்க் கன்றுகள் நிற்கின்றன.

மூடியவர் அப்பா. மூடவைத்தவன் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பேப்பரை நான் வாசிப்பேன், அப்பாவும் அம்மாவும் கேட்பார்கள். சமாதான உடன்படிக்கை கையெழுத்தான செய்தியின் தலைப்பை இரண்டு தரம் உரத்து வாசித்தேன். அப்பா எழும்பிவிட்டார். நானும் நிறுத்திவிட்டேன். நான் வாசிக்காத கடைசிப் பந்தியில் இருந்தது: பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டால்தான் நடைமுறைக்கு வரும்.

அப்பா பங்கரின் மேலிருந்த பனங்குற்றிகளைப் பிடுங்கி மாட்டுக்கொட்டில் போட்டார். குழியை மூடி மிளகாய் நட்டார். முன்வீட்டு மாமி தன் பங்கரை மூடவில்லை.

"என்ன, பாம்பு வளக்கப் போறியளோ?" அப்பா பகிடி பண்ணினார்.

"கிடக்கட்டும் அண்ணை. பிறகு பாப்பம்."

இரண்டு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை பாராளுமன்றம் உடன்படிக்கையைத் தோற்கடித்தது. மத்தியானம் ரேடியோ சொன்னது. வியாழன் காலை, ஏழேகால். முதல் செல்.

ஆறு. அப்பா தங்கச்சியை என்னிடமிருந்து பறிக்கிறார். நான் பாரமில்லாமல் ஓடவேண்டும்.

"மாமி வீட்டை ஓடு!"

ஒன்பது. அம்மாவும் நானும் மாமியின் பங்கருக்குள் விழுகிறோம். திரும்பிப் பார்க்கிறேன். அப்பா படலை வாசலில். தங்கச்சி அவர் தோளில்.

பதினொன்று.

இன்று மொன்றியலில், வில்லரே பகுதியில் எங்கள் வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி அடுக்கிவிட்டு வந்தேன். தொலைக்காட்சியில் வேறொரு நாட்டுப் போர். இரண்டு தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள்.

"சண்டை முடிஞ்சுதாமோ தம்பி?" அம்மா கேட்டார்.

"இன்னும் இல்லையம்மா. அவையின்ர பாராளுமன்றம் வாக்குப் போடவேணும்."

அம்மா திரையில் தெரிந்த சனத்தைக் காட்டினார்.

"அந்தச் சனத்துக்கு அதை ஆரும் வாசிச்சுக் காட்டினவையோ?"

அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போனது: அப்பா. தங்கச்சி, நாலு வயது. மாடு இரண்டு. வீடு. மிஞ்சியது: அம்மா, நான், மாமி என மூன்று பேர், மாமி மூடாத பங்கர். நான் வாசிக்காமல் விட்டது நாலு வரி.