தயாபரனுக்குக் கொடுக்காத பந்து

பொலிஸ் என்றாலும் உங்கள் கோப்பி நன்றாயிருக்கிறது. எங்கள் வேலையிடத்து மெஷின் தருவது கோப்பை கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும்.

மொழிபெயர்க்கும் தம்பி சென்னைக்காரராம். நல்லது. ஆனால், ‘லதீசனோடு கதைத்தேன்’ என்று நான் சொன்னால், அவனுக்குக் கதை சொன்னேன் என்று எழுதிவிடாதீர்கள். கேள்வி கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

பெயர் யோகராசா. வயது நாற்பத்தாறு. மனைவி அருள்நாயகியோடு ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிறேன். பக்கத்து ஊர் லோறென்ஸ்கூக்கில், மீன் வைக்கும் குளிரறைகளில் பதினொரு வருட வேலை. எங்கள் தமிழ் உதைபந்தாட்டக் கழகத்தின் ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. எதிரணி வராத ஆட்டத்துக்கும் கடைசிவரை நின்றிருக்கிறேன்.

இந்த 2007 கோடைச் சுற்றுப்போட்டிக்குக் கழகம் பாரிசிலிருந்து லதீசனை இறக்கியது. நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன் என்றார்கள். இரண்டு நாள் விளையாட்டுக்கு விமானச் சீட்டு, விடுதி, புதுச் சப்பாத்து, கையிலும் ஒரு தொகை. எங்கள் கோல்காப்பாளரின் காரைவிட அவன் விலை கூட. கழகத்துக்கு நான் கொடுத்த விடுமுறைச் சம்பளமும் அதற்குள் போனது.

ஞாயிறு அரையிறுதி. பேர்கன் தமிழரோடு ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம், பந்து லதீசனின் காலில். இடப்பக்கம் எங்கள் தயாபரன் தனியே நிற்கிறான். அவனைச் சுற்றி ஒரு வீடு கட்டலாம், அவ்வளவு வெளி. லதீசன் கொடுக்கவில்லை. தானே அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலாகப் பறந்து, ரோல்ஸ் விற்ற செல்வமலர் அக்காவின் சம்பல் வாளிக்குள் விழுந்தது. பிறகு பெனால்டியில் தோற்றோம். கால்மணி நேரம் கழித்து அதே அக்காவிடம் ரோல்ஸ் வாங்கித் தின்றபடி, படம் எடுத்தவர்களுக்குச் சிரித்துக்கொண்டு நின்றான்.

“விடுங்கோப்பா, விளையாட்டுத்தானே,” என்றாள் அருள்நாயகி.

விட்டுவிட்டேன். அன்று பின்னேரம் லதீசனை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக ஆள் தேடியபோது, கை தூக்கியவன் நான்தான்.

போகும் வழியில், ஸ்ட்ரோம்மன் வரமுன்பே என் வேலையிடத்துப் பக்கம் காரைத் திருப்பினேன்.

“தம்பி, பாரிசுக்குக் கொண்டுபோக நல்ல சல்மன் தரட்டே?”

“ஓம் அண்ணை, அம்மாவுக்கு நல்ல விருப்பம்.”

மரியாதையான பெடியன். அதை நான் மறுக்கவில்லை. ஜாக்கெட்டையும் போனையும் காரிலேயே விட்டுவிட்டு வந்தான். புதுச் சப்பாத்து கடித்துவிட்டதென்று காலில் வெறும் செருப்பு. பெரிய குளிரறையில் இருபத்தைந்து பாகை சைபருக்குக் கீழே. நல்ல மீன் பின்தட்டில் இருக்கிறது என்றேன். அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்தினேன். கதவின் ரப்பர் ஓரத்தில் வாய் வைத்துப் பேசினால் கேட்கும். கத்தத் தேவையில்லை. நான் கத்தவும் இல்லை.

“தயாபரனுக்கு ஏன் குடுக்கேல்லை?”

“அண்ணை, பகிடி விடாதேங்கோ. கதவைத் திறவுங்கோ.”

அது பதில் இல்லையே. மறுபடி கேட்டேன்.

“சரி அண்ணை, பிழை என்னிலைதான்.”

பிழை யாரில் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்றுதான் கேட்டேன். கடைசியில் சொன்னான்: “அவர் நிண்டதை நான் காணேல்லை அண்ணை. சத்தியமாய்க் காணேல்லை.”

அந்த விலைக்கு ஒருவன் காணாமலும் இருப்பானா? அதை ஆறுதலாக யோசிக்க வேண்டியிருந்தது. மேலே போய்த் தேத்தண்ணி போட்டேன். பத்திரிகையும் கிடந்தது. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் போயிருக்கலாம். திரும்பி வந்து கூப்பிட்டேன், பதில் இல்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். நட்சத்திர ஆட்டக்காரருக்கு ரோசம் கூட. இன்னும் கொஞ்சம் பொறுத்துத்தான் திறந்தேன்.

ஆம்புலன்சுக்குப் போன் அடித்தவனும் நான்தான், அதையும் எழுதுங்கள். வலக்கால் விரல் ஐந்தையும் எடுத்துவிட்டார்களாம். கவலைதான். ஆனால் அந்தப் பந்தை அவன் இடக்காலால் அடித்தான். பழிவாங்கல் என்றால் கணக்குச் சரிவரவில்லையே.

கதவின் உட்பக்கப் பிடியைப் பற்றிக் கேட்டீர்கள். ஓம், உள்ளே அகப்பட்டவர் திறப்பதற்கு ஒரு பிடி உண்டு. அதைக் கழற்றியவன் நான். வெள்ளிக்கிழமை பின்னேரம் கழற்றினேன். அவன் வந்த விமானம் அப்போது இறங்கியிருக்கவில்லை.

வென்றிருந்தால் திங்கட்கிழமை பிடியைத் திரும்பப் பூட்டியிருப்பேன்.