டேப் ஒட்டின இடம்

— நிறுத்துடி. உன் டிரில் பிட்டு என் வீட்டுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது.

— நிறுத்திட்டேன் அக்கா.

— அக்காவாம் அக்கா. ஏழு மாசமா இல்லாத அக்கா இப்ப எங்கேருந்து முளைச்சா?

— சுவத்துலேருந்து.

— வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல. நான் இந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா என்னடி ஆகியிருக்கும்? முதுகுல வாங்கியிருப்பேன்.

— நீ சமையக்கட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்த. கொஞ்சம் ஓட்டி, பிட்டை வெளிய எடுத்துத் தூசியைத் தட்டறப்பல்லாம் சுவத்துல காது வெச்சுக் கேட்டேன். பாத்திரச் சத்தம் நின்னிருந்தா நானும் நின்னிருப்பேன்.

— சுவத்துக்குள்ள கரண்டு வயரு?

— இந்தப் பக்கம் சுவிட்ச் இல்ல. உன் பக்கமும் இல்ல. இருந்தா கைவைப்பேனா?

— சரி, பிட்டைப் பிடுங்காத. மெதுவா சுத்தவிட்டுக்கிட்டே பின்னாடி இழு. வெறுமனே இழுத்தா மாட்டிக்கும்.

— இதோ... வந்துடுச்சு.

— முதல்ல பிளக்கைக் கழட்டு.

— கழட்டிட்டேன்.

— கழட்டினியா, சுவிட்சை மட்டும் அணைச்சியா?

— கழட்டி மடியில வெச்சிருக்கேன். ஓட்டை வழியா வேணா பாத்துக்கோ.

— ம். தூசி படாத கண்ணாடிகூட போட்டிருக்கியே. ஒம்பது வருஷம் ஒண்ணா வீடு வீடாப் போய் ஷெல்ஃபும் திரைக்கம்பியும் மாட்டினோம். நான் தொண்டை கிழிய கத்தாம ஒரு நாள் அதைப் போட்டிருப்பியா நீ?

— இப்ப கத்த ஆள் இல்ல. நானே எனக்குக் கத்திக்கறேன்.

— சைடு கைப்பிடி?

— ரெண்டு கையாலதான் பிடிச்சேன்.

— விரலை எடுத்தாலும் சுத்தவிடற அந்த லாக் பட்டன்?

— ஒவ்வொரு தடவையும் பிளக் சொருகறதுக்கு முன்னாடி விரலால தடவிப் பாக்கறேன். அமுங்கி இருக்கா, வெளிய வந்திருக்கான்னு. அன்னிக்குப் பாக்கல. நீ சாவி போட்டு பிட்டு மாத்திக்கிட்டிருந்த. நான் பேசிக்கிட்டே பிளக்கைச் சொருகிட்டேன். மெஷின் தானா சுத்தி உன் மணிக்கட்டை முறுக்கிடுச்சு. தப்பு முழுக்க என்னுது அக்கா.

— இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.

— அன்னிக்கு மெஷின் மக்கர் பண்ணுதுன்னு சொன்னேன். பயந்துட்டேன்.

— கை முறுக்கினதுக்கு எனக்குக் கோவமில்லடி. கை ஆறிடும். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரங்க முன்னாடி நின்னு, கூசாம அந்த மெஷின் மேல பழி போட்டியே, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. அது நமக்குச் சோறு போட்ட மெஷின்.

— தெரியும். அதான் இப்ப அதைக் கண்ணா பாத்துக்கறேன்.

— சத்தம் கேட்டேன். கரகரன்னு கத்துமே, அது இல்ல.

— உள்ள கார்பன் தேஞ்சு பொறி பறந்துச்சு. மாத்தினேன். காத்துப் போற சந்துல தூசி அடையாம வேலை முடிஞ்சதும் பிரஷ்ஷால தட்டிடறேன். அப்புறம், கிழிஞ்ச வயர்ல நீ டேப் சுத்தி வெச்சிருந்தியே, அதைத் தூக்கிப் போட்டுட்டு முழு வயரும் புதுசு போட்டேன்.

— என் டேப்பையே குறை சொல்றியா?

— குறைதான். ஷாக் அடிக்கும்.

— ...அடிக்கும்தான்.

— கை இப்ப எப்படி அக்கா?

— துணி பிழியுது. டிரில்லைப் பிடிச்சா நடுங்குது. அதான் வேலைன்னு யார் கூப்பிட்டாலும் போறதில்ல.

— ஒரு பள்ளிக்கூடத்துல நாப்பது போர்டு மாட்டணுமாம். நீ வந்து அளந்து குறி போடு. நான் ஓட்டறேன்.

— உன்னை நம்பியா?

— என்னை நம்பித்தான்.

— நல்லாத்தான் இருக்கு நியாயம். ஒரு ஷெல்ஃப் மாட்டத் தெரியாம சுவத்தையே துளைச்சு என் வீட்டுக்குள்ள வந்திருக்க, நாப்பது போர்டாம். எவ்வளவு ஆழம் போகணும்னு அளந்து பிட்டுல டேப் ஒட்டு, டேப் சுவத்தைத் தொட்டதும் நிறுத்துன்னு உனக்கு எத்தனை ஆயிரம் தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பேன்.

— ஒட்டியிருக்கேன்.

— ஒட்டின லட்சணம்தான் தெரியுதே. இரு... இரு. இது என்னடி?

— எது?

— பிட்டு தவறிப் போய் வெளிய வந்தா இந்தப் பக்கம் பூச்சு தட்டகலத்துக்குப் பெயர்ந்து விழும். இங்க பொட்டு அளவுகூட பெயரல. ஓரம் வழவழன்னு இருக்கு.

— கடைசியில இடிக்கற ஹேமரை அணைச்சுட்டு, அழுத்தாம வெறும் சுத்துல விட்டேன்.

— கடைசின்னு உனக்கு எப்படித் தெரியும்?

— அதான் டேப் ஒட்டியிருக்கேனே.

— எத்தனை அங்குலத்துல ஒட்டின?

— ஆறு.

— இது அஞ்சரை அங்குலச் சுவருடி.

— தெரியும் அக்கா. கதவைத்தான் நீ திறக்க மாட்டேன்னுட்ட.